மூன்று தாள்களும் ஒரு கம்பியும்

(கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்கள் கூடிய மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் பக்கத்து இளைஞர்கள் என்னைக் கண்டால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, பன்னி சுட லைசன்ஸ் எங்க எடுக்கணும்?" ஏதோ ஒரு கவுண்டரில் காசு கட்டினால் ஒரு தாள் கிடைக்கும், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்ற நினைப்பில் கேட்கிறார்கள். தாள் ஒன்றல்ல, மூன்று. துப்பாக்கிக்கு ஒன்று. அதைக் கொடுப்பது போலீஸ். விலங்குக்கு ஒன்று. அதைக் கொடுப்பது பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. கால் வைக்கிற நிலத்துக்கு ஒன்று. அது காப்புக்காடாக இருந்தால் மாநில வனத்துறை தர வேண்டும். தோட்டமாக இருந்தால் நிர்வாகம். கம்பத்தில் ஒருவருடைய நிலமாக இருந்தால் அந்த நிலத்துக்காரர். இரண்டு தாள் கையில் இருந்து மூன்றாவது இல்லாமல் போனால், கையில் இருக்கிற இரண்டும் உங்களைக் காப்பாற்றாது.

நம் அப்பா, தாத்தாமார்களுக்கு இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. தோட்டத்தில் துப்பாக்கி துரையிடம் இருந்தது, சில இடங்களில் பெரிய கிராணியிடம் இருந்தது. லைசன்ஸ் அவர்கள் பெயரில். பன்றி இளங்கன்றைத் தோண்டிப்போட்டது என்று தண்டல் தகவல் கொடுத்தால் துரை வருவார், இல்லாவிட்டால் ஆளை அனுப்புவார். நம்மவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதரைக் கலைப்பார்கள். பன்றி விழுந்தால் லயத்துக்கு வந்து பங்கு பிரியும். துப்பாக்கிக்கு ஒரு பங்கு, நாய்க்காரருக்கு ஒரு பங்கு, கலைத்தவர்களுக்கு மீதி. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் காட்டு ஓரம் போவதே ஆபத்து என்று ஆனபோதுகூட, தோட்டத்துக்குள் துப்பாக்கி பிடித்தவர்கள் நிர்வாகத்தின் ஆட்களாகவும் சிறப்புக் காவலர்களாகவும்தான் இருந்தார்கள். சட்டத்துக்கும் நம் ஆளுக்கும் நடுவில் எப்போதும் தோட்டம் நின்றது. அந்த நிழலில் நின்று வேட்டையாடியதால் வேட்டைக்குச் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாமல் ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

இப்போது லயங்கள் பெரும்பாலும் போய்விட்டன. நாம் தாமான்களுக்கு வந்துவிட்டோம். செம்பனை அங்கேயே நிற்கிறது, பன்றியும் அங்கேயே நிற்கிறது, பழைய பழக்கமும் நம்மோடு வந்திருக்கிறது. நிழல் மட்டும் இல்லை. இன்று ராத்திரியில் தோட்டத்துக்குள் பிடிபடுகிற பையனுக்குப் பின்னால் துரையும் இல்லை, கிராணியும் இல்லை. அவன் தனி ஆளாக நிற்கிறான். அதனால்தான் இந்த மூன்று தாளையும் பற்றி நிதானமாகப் பேச வேண்டும் என்று வந்தேன்.

முதலில் துப்பாக்கி. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு உரிமம் தருகிறார்கள். நமக்குப் பழக்கமான செனாப்பாங் பாத்தா, அதாவது மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி, இதில்தான் வரும். ஏன் வேண்டும் என்ற காரணத்தைக் காட்ட வேண்டும். பயிரைக் காக்க என்றால் நிலத்தின் கிரான் (உரிமைப் பத்திரம்), தோட்டத்துக் கடிதம் போன்றவற்றைக் கேட்பார்கள். ஆளைப் பற்றி விசாரிப்பார்கள். கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம், உலு சிலாங்கூர் மாவட்டங்களில் இருப்பவர்கள் அவரவர் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் போய்த் தொடங்க வேண்டும். தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. மாமா பெயரில் லைசன்ஸ் இருக்கிறது, மாமா காய்ச்சலில் படுத்திருக்கிறார், மருமகன் எடுத்துக்கொண்டு போனான் என்றால் அது குற்றம். அடுத்தவர் துப்பாக்கியைத் தூக்க நமக்குத் தனி அனுமதி வேண்டும். காற்றுத் துப்பாக்கியும் இந்தச் சட்டத்தில் ஆயுதம்தான், விளையாட்டுச் சாமான் இல்லை.

தண்ணீர்க் குழாயில் பட்டறையில் செய்கிற நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பிமார்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். 1971ஆம் ஆண்டில் வந்த கூடுதல் தண்டனைச் சட்டம் ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாமல் சுடு ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறு பிரம்படிக்குக் குறையாமல். பன்றிக்காகத்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் நீதிமன்றத்தில் அது பதில் ஆகாது. ஒரு வேளைக் கறிக்காகப் பதினான்கு ஆண்டைப் பணயம் வைக்கிறான் பிள்ளை. வீட்டில் அப்படி ஒன்று ஒளித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால் தாய்மார்கள் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது தாள், விலங்கு. இங்கேதான் குழப்பம் அதிகம், ஆகவே இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1972இல் தீபகற்ப மலேசியாவுக்குப் பொதுவான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் இந்தியாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே அதன் பிறகு வேட்டை என்பதே ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் நம் வேட்டைக் கதைகளைக் கேட்டு மிரளுவதற்கு அதுதான் காரணம். இங்கே வேறு வழி எடுத்தார்கள். சிலவற்றை உரிமத்தோடு வேட்டையாடலாம், சிலவற்றைத் தொடவே கூடாது என்று பிரித்தார்கள். 2010இல் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 716ஆம் எண் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் அது நடப்புக்கு வந்தது. நம்மைக் கட்டுப்படுத்துவது இந்தச் சட்டம்தான். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் இங்கத்து நடைமுறையை அங்கே கொண்டுபோகக் கூடாது.

"சிலாங்கூர் ஸ்டேட் லைசன்ஸ்" என்று சிலர் சொல்கிறார்கள். விலங்குக்கு அப்படி மாநில லைசன்ஸ் கிடையாது. மாநிலத்தில் இருக்கிற பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் வாங்கினாலும் அது கூட்டரசுச் சட்டத்தின் கீழ் தரும் உரிமம். மாநிலத்தின் கையில் இருப்பது நிலமும் காடும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

716ஆம் சட்டத்தில் அட்டவணைகள் இருக்கின்றன. முதல் அட்டவணையில் இருப்பவை பாதுகாக்கப்பட்டவை. காட்டுப் பன்றி அதில் இருக்கிறது. வயல் ஓரத்தில் ஓடுகிற ருவாக் ருவாக் கோழியும் அதில்தான். உடும்பு, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. பன்றியைப் பயிர்நாசக்காரன் என்று நாம் நினைக்கிறோம், அதனால் அதற்கு யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ணுகிறோம். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, உரிமம் இல்லாமல் சுட்டால் குற்றம். இரண்டாம் அட்டவணையில் இருப்பவை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. புலி, யானை, தாப்பிர், கரடி, இருவாட்சி, அலுங்கு. நாம் தெங்கிலிங் என்று சொல்வோமே, அந்த அலுங்கு. பன்றிக்கு வாங்கிய உரிமத்தைக் காட்டி அலுங்கை எடுக்க முடியாது. உரிமத்தில் எந்த விலங்கு, எத்தனை, எந்த இடம், எந்தக் காலம், எந்த நேரம் என்று எழுதியிருப்பது ஒவ்வொன்றும் கட்டுப்படுத்தும். குட்டியையும் பெண் விலங்கையும் கொல்வதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் வைத்துத் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். 2022இல் திருத்தம் கொண்டுவந்து தண்டனையை ஏற்றினார்கள். ஆக உயர்ந்த தண்டனை இப்போது 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டு சிறை வரை போகிறது.

எதைக் கொண்டு வேட்டையாடினீர்கள் என்பதை வைத்து இந்த உரிமம் தேவையா இல்லையா என்று முடிவாவதில்லை. லாஸ்திக்கால், அதாவது கவணால் அடித்தாலும், நாயை விட்டுப் பிடித்தாலும், கையால் அமுக்கினாலும் வேட்டை வேட்டைதான். சுட்டவன் மட்டும் மாட்டுவான் என்பதும் தவறு. உரிமம் இல்லாமல் கொன்ற விலங்கின் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றமாகும். உரிமத்தோடு சுட்ட பன்றியாக இருந்தாலும் கிலோ போட்டு விற்கக் கிளம்பினால் அது வியாபாரம், அதற்கு வேறு உரிமம்.

பெரிய வௌவாலைப் பற்றி நம் பெரியவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு, கெளுவாங் கறி சாப்பிட்டால் இழுப்பு நிற்கும் என்று. இழுப்புக்கு இன்று கிளினிக்கில் நல்ல மருந்து இருக்கிறது. கெளுவாங்கோ டுரியான் பூவில் மகரந்தம் சேர்க்கிற பிராணி. தியோமான் தீவில் கேமரா வைத்துப் பார்த்து ஆய்வாளர்கள் அதை உறுதி செய்திருக்கிறார்கள். அதற்கு முழுப் பாதுகாப்புத் தரப்போவதாக அரசு 2021இல் அறிவித்தது. 1998-99இல் பன்றிப் பண்ணைகள் வழியாக 100 உயிருக்கு மேல் கொண்டுபோன நிப்பா கிருமி இந்த வௌவாலிடம்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதைச் சுட்டு, உரித்து, ரத்தத்தில் கை நனைப்பது யாருக்கு நல்லது?

ஓராங் அஸ்லி மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் அவர்களுக்குக் குறிப்பிட்ட சில விலங்குகளைத் தங்கள் வயிற்றுக்காக வேட்டையாட இடம் கொடுத்திருக்கிறது. வயிற்றுக்காக மட்டும். விற்றால் அவர்களுக்கும் தண்டனை உண்டு. சாலை ஓரத்தில் அவர்களிடம் கறி வாங்குகிறவர், இல்லாதவனுக்கு உதவியதாக நினைக்கலாம். உண்மையில் அவர்களையும் தன்னையும் சேர்த்து வழக்கில் தள்ளுகிறார்.

இனி நிலம். நம் வட்டாரத்துக்கு வடக்கே பரந்து கிடக்கிற சதுப்புக் காட்டை எல்லோருக்கும் தெரியும். ராஜா மூசா, சுங்கை காராங் என்ற இரண்டு காப்புக்காடுகள் மட்டும் சேர்ந்தாலே 70,000 ஹெக்டருக்கு மேல். ராஜா மூசாவை 1990இல் காப்புக்காடாக அறிவித்தார்கள். அதற்குள் போவதற்கே மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். பெர்ஹிலித்தான் உரிமம் வைத்துக்கொண்டு வனத்துறை அனுமதி இல்லாமல் போனால் அத்துமீறல். அங்கே மண் என்று நாம் மிதிப்பது மட்கிய மரம். வறண்ட காலத்தில் ஒரு பீடித் துண்டு போதும், தீ மேலே அணைந்த பிறகும் அடியில் வாரக்கணக்கில் புகையும். வேட்டைக்காக நெருப்பு மூட்டி விலங்கைக் கலைக்கிற வழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அதை அடியோடு விட வேண்டும். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா 1987இலிருந்து பறவைகளுக்காகக் காக்கப்படும் இடம். அங்கே துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

தோட்டங்களில் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்குங்கள். காவலாளி தெரிந்தவர், கேட்டைத் திறந்துவிட்டார் என்பது அனுமதி ஆகாது. கம்பத்து மலாய்க்கார அண்டை வீட்டார் பல நேரம் நம்மைத் தேடி வந்து பன்றியை விரட்டித் தரச் சொல்வார்கள். அவர்கள் அதைத் தொட மாட்டார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் பன்றியைத் திறந்தபடி போட்டுக்கொண்டு சூராவ் பக்கம் போகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். மூடிக்கட்டி வேறு பாதையில் போக எவ்வளவு நேரம் ஆகும்? சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், நாம்தான் நூறு ஆண்டாக ஒருவர் பக்கத்தில் ஒருவர் வாழ்கிறோம்.

பன்றிக்கு ஏன் உரிமம் கொடுக்கிறார்கள், மற்றவற்றுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம் ஊரிலேயே தொடங்குகிறது. 1917இல் என்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இதோ இந்தப் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வியாபாரத்துக்காக நட்டார். இந்த நாட்டில் அதுதான் முதல். அங்கிருந்து செம்பனை நாடெங்கும் பரவியது. உதிர்ந்த பழம் பன்றிக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு. புலியும் குறைந்துவிட்டது. நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் கேலன் இக்ஸ் என்ற ஆய்வாளர் 1990களில் பன்றிகளைக் கணக்கெடுத்தார். 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47. செம்பனையில் தின்றுவிட்டுக் காட்டுக்குள் வந்து குட்டி போடுகின்றன, கூடு கட்டுவதற்கு இளமரங்களை ஒடித்துக் குவிக்கின்றன, காடு மெலிகிறது. ஆக, பன்றி பெருகியிருப்பதில் மனிதன் கை இருக்கிறது. உரிமம் வாங்கி முறையாகப் பன்றி சுடுகிறவர் காட்டுக்குக் கெடுதல் செய்கிறவர் அல்லர் என்பதை மனதாரச் சொல்கிறேன்.

25 ஆண்டு ஆன மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போதுதான் பன்றித் தொல்லை கடுமை. இளங்கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். சொந்த நிலக்காரருக்கு அது வருமானத்தையே அடிக்கிற அடி. பயிரை அழிக்கிற விலங்கைச் சுடச் சட்டத்தில் நிலத்துக்காரருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் முதலில் விரட்டிப் பார்த்திருக்க வேண்டும், சுட்டால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், சுட்ட துப்பாக்கிக்கு உரிமம் இருக்க வேண்டும். அந்தப் பிரிவைக் காட்டிச் சுருக்குக் கம்பி வைக்க முடியாது.

கம்பி என்றதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. துப்பாக்கி வாங்கக் காசில்லை, லைசன்ஸ் எடுக்க நேரமில்லை, பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிள் சும்மா கிடக்கிறது. அதை வளைத்து ஒரு மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடுகிறான். ஜெராட், அதாவது சுருக்கு, வைப்பது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் சொல்கிறது. பிடிபட்ட பையில் நாலு கம்பிச் சுருக்கு இருந்தால் போதும், விலங்கு மாட்டியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஏழைக்கு எட்டுகிற ஆயுதத்துக்குத்தான் இவ்வளவு கடுமையா என்று ஒரு தம்பி என்னிடம் கோபப்பட்டான். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் துப்பாக்கிக்காரன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடுகிறான். கம்பிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்ததில் தாப்பிர் மாட்டும். கால் அறுந்து ஓடி, புண் அழுகிச் சாகும். வைத்தவன் இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் எலும்புதான் இருக்கும். சிலர் வைத்த இடத்தையே மறந்துவிடுகிறார்கள். கம்பி மறக்காது, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

1950களில் இந்தத் தீபகற்பத்தில் 3,000 புலிகள் வரை இருந்ததாகக் கணித்தார்கள். 2022இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு. காடு அழிந்ததும் இரை குறைந்ததும் காரணம், கம்பியும் பெரிய காரணம். புலியெல்லாம் பகாங்கில், திரங்கானுவில், நமக்கென்ன என்று சொல்வீர்கள். சரி, நம் மாடுகளைப் பாருங்கள். செம்பனைக்குள் மாடு மேய்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் இந்த மண்டபத்தில் எத்தனை இருக்கின்றன! பன்றிக்கு வைத்த கம்பியில் கன்றுக்குட்டியின் கால் மாட்டி வீங்கிக் கிடந்ததை உங்களில் பலர் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். வைத்தவனும் நம்மவன், மாட்டுக்காரரும் நம்மவர்.

ஆகவே இரண்டு காரியம் கேட்கிறேன். மறுநடவு நடக்கும் தோட்டங்களின் நிர்வாகமும் சுற்றியுள்ள சிறுநிலக்காரர்களும் சேர்ந்து பெர்ஹிலித்தானுக்கு எழுத வேண்டும். பன்றித் தொல்லை இருக்கிறது என்ற புகார் பதிவானால் அதிகாரிகள் வந்து பார்க்கலாம், உரிமமுள்ளவர்களை முறையாக அழைத்து வரலாம். ஆளுக்கு ஆள் ராத்திரியில் டார்ச் லைட்டோடு அலைய வேண்டியதில்லை. நம் பக்கத்தில் உரிமமுள்ள துப்பாக்கிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள், எல்லோரும் வயதானவர்கள். அவர்களோடு முறையாகப் பழகி, பாதுகாப்பாகச் சுடக் கற்று, தம்பிமார்கள் தங்கள் பெயரில் விண்ணப்பிக்கட்டும்.

மற்றது, கம்பி. மாடு மேய்க்கப் போகிறவர்கள் கம்பியைக் கண்டால் அறுத்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அது உங்கள் கையில் இருந்தால் உங்கள் மேல்தான் வழக்கு. இடத்தைக் குறித்துக்கொண்டு நிர்வாகத்திடமோ பெர்ஹிலித்தானிடமோ சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் நெருங்காமல் உடனே போன் செய்யுங்கள். வைத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்தும் இருக்கலாம். அவரை நான் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, பதினைந்து ஆண்டு என்றால் என்ன என்று அவர் பிள்ளைகள் எதிரில் பேசுங்கள்.

உரிம விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் முன் மேசைக்கு வாருங்கள். அடையாள அட்டை, கிரான் நகல் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். பாரம் மலாயில் இருக்கிறது, உட்கார்ந்து சேர்ந்து நிரப்புவோம்.